வந்தவாசி 1760: ஒரு வெடிமருந்து வண்டியா பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்தது?

கேள்வி (ஜனவரி 8, இரவு 9:12)

பள்ளிப் பாடத்தில் வந்தவாசிப் போர் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. ஆண்டு 1760, ஆங்கிலேயர் வெற்றி, பிரெஞ்சுக்காரர் தோல்வி, அவ்வளவுதான். வேறு சில இடங்களில் படித்தால், நடுச்சண்டையில் பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்ததால்தான் போரே திரும்பியது என்கிறார்கள். அந்த ஒரு குண்டு குறி தவறியிருந்தால் தென்னிந்தியா பிரெஞ்சு ஆட்சிக்குப் போயிருக்குமா? இன்னொன்று: பிளாசி 1757இலேயே முடிந்துவிட்டதே, பிறகு வந்தவாசியை ஏன் "தீர்மானித்த போர்" என்கிறார்கள்?

ஜனவரி 8, இரவு 10:40

வண்டி வெடித்தது உண்மை. சுமார் 80 பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்ததும் உண்மை. ஆனால் அது வெடிப்பதற்கு முன்பே பிரெஞ்சு வலப்பக்கம் உடைந்து ஓடிவிட்டது. வரிசை இதுதான்: முதலில் குதிரைப்படை பின்வாங்கியது, அடுத்து லொரேன் ரெஜிமெண்ட் என்ற பிரெஞ்சுக் காலாட்படை சிதறியது, அதன் பிறகே இடப்பக்கம் வண்டி வெடித்தது. இந்த வரிசையை விட்டுவிட்டுக் கதை சொன்னால் எல்லாம் தற்செயலாகத் தெரியும்.

குண்டு தவறியிருந்தால்? அன்று பகலிலேயே முடிந்த சண்டை இன்னும் ஒரு மணி நேரம் இழுத்திருக்கும். பிரெஞ்சுத் தளபதி லாலியின் படைக்குச் சம்பளப் பாக்கி இருந்தது, கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல்கூட இல்லை. அந்த இரண்டையும் எந்தக் குண்டும் மாற்றியிருக்காது. விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 9, காலை 7:05

பிளாசி கேள்விக்கு முதலில். பிளாசியில் கிளைவின் எதிரி வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா. அவர் பக்கம் ஒரு சிறு பிரெஞ்சுப் பீரங்கிக் குழு இருந்தது, அவ்வளவே. வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்களை ஆங்கிலேயர் முடித்தது அதற்கு மூன்று மாதம் முன்னால், 1757 மார்ச்சில் சந்திரநாகூரைப் பிடித்தபோது. வந்தவாசியில் நேருக்கு நேர் நின்றவை இரண்டு ஐரோப்பிய அரசுகளின் சொந்தப் படைகள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1756–63இல் மோதிய ஏழாண்டுப் போரின் இந்தியக் களம் அது.

ஆனால் பிளாசியை ஒதுக்கவும் கூடாது. பிளாசிக்குப் பிறகு ஆங்கிலக் கம்பெனிக்கு வங்காள வருமானம் கிடைத்தது. 1758இல் பீகார் வெடியுப்பு வாணிபம் முழுவதும் கிளைவ் கைக்கு வந்தது. வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்புதான், மீதி கரியும் கந்தகமும். உலகிலேயே நல்ல வெடியுப்பு பாட்னா பக்கத்திலிருந்து வந்தது. அதே 1758இல் கிளைவ் கர்னல் ஃபோர்டை ஆந்திரக் கரையோரமான வடசர்க்காருக்கு அனுப்பினார். டிசம்பரில் கொண்டூர், 1759 ஏப்ரலில் மசூலிப்பட்டினம் என இரண்டும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயின. ஹைதராபாத் நிஜாம் சலாபத் ஜங் பக்கம் மாறினார். ஆக லாலி வந்தவாசிக்கு வரும்போதே அவருடைய வடக்கு வருமானம் முழுதும் அறுந்திருந்தது. பிளாசிதான் வந்தவாசிக்குப் படியளந்தது என்றே சொல்லலாம்.

ஜனவரி 9, இரவு 11:20

களத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இடம் புரியாமல் இந்தப் போர் புரியாது.

1759 நவம்பர் இறுதியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்தவாசிக் கோட்டையைப் பிடித்துவிட்டார், டிசம்பரில் கருங்குழியையும். (செப்டம்பர் கடைசியில் மேஜர் பிரியர்ட்டன் அதே வந்தவாசியைத் தாக்கி நல்ல அடி வாங்கித் திரும்பியிருந்தார். கோட்டை லேசான இலக்கு அல்ல.) ஜனவரியில் லாலி அதைத் திரும்பப் பெறக் கிளம்பினார். முதலில் காஞ்சிபுரம் பேட்டைக்குப் பாய்ந்து கூட்டின் கவனத்தை அங்கே இழுத்தார், பிறகு ஒரு பகுதிப் படையோடு வந்தவாசிக்கு விரைந்து கோட்டைக்கு வெளியே இருந்த பேட்டையைப் பிடித்தார். இதுவரை லாலியின் கணக்கு சரியாகவே வந்தது.

மாட்டிக்கொண்டது அடுத்த கட்டத்தில்தான். கோட்டை மதிலை உடைக்க முற்றுகைப் பீரங்கி வேண்டும். 24 பவுண்டு குண்டு போடும் பீரங்கி ஒன்று சுமார் இரண்டரை டன். ஒவ்வொன்றுக்கும் ஜோடி ஜோடியாக மாடு பூட்ட வேண்டும். மேடை கட்ட மரம், மண் மூட்டை, ஆள் என்று எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும். மேடைகள் தயாராகிச் சுடத் தொடங்கவே ஜனவரி 20 ஆகிவிட்டது. உள்ளே கேப்டன் ஷெர்லாக் மிகச் சிறிய படையோடு தாக்குப்பிடித்தார்.

கூட் அந்த நாட்களில் உத்திரமேரூர்ப் பக்கம் இருந்தார். உடனே ஓடிவந்து முட்டவில்லை, வேண்டுமென்றே காத்திருந்தார். காரணம் எளிது. முற்றுகை முற்ற முற்ற லாலியின் ஆட்கள் பதுங்குகுழிகளில் மாட்டிக்கொள்வார்கள். மதிலில் பிளவு விழும் தறுவாயில் எதிரி வந்தால் லாலி இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும்: முற்றுகையைக் கைவிட வேண்டும், அல்லது படையைப் பிரித்து நிற்க வேண்டும். லாலி இரண்டாவதைச் செய்தார். சுமார் 150 ஐரோப்பியரையும் 300 இந்தியச் சிப்பாய்களையும் பீரங்கி மேடைகளில் விட்டுவிட்டு மீதியோடு வெளியே வந்தார்.

ஜனவரி 22 விடியலில் கூட் நகர்ந்தார். முதல் உரசல் காலை ஏழு மணி வாக்கில். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அன்றைய நாளின் சிறந்த காரியம். நேராக மோதாமல் தன் வலப்பக்கமாக நகர்ந்து ஊருக்கு அருகிலுள்ள மலையடிவாரத்தைப் பிடித்தார். கல்லும் பாறையுமான தரை. குதிரை பாய முடியாது, பக்கவாட்டில் சுற்றிவர முடியாது. அங்கிருந்து கோட்டையோடு தொடர்பும் கிடைக்கும், லாலியின் முற்றுகை மேடைகளுக்கும் ஆபத்து வரும். இனி லாலி சும்மா இருந்தால் மேடைகள் போய்விடும். ஆக சண்டைக்கு வந்தே தீர வேண்டியவர் லாலி, எங்கே எப்படி என்று முடிவு செய்தவர் கூட்.

ஆள் கணக்கு: கூட்டிடம் சுமார் 1,900 ஐரோப்பியக் காலாட்கள், 80 ஐரோப்பியக் குதிரைகள், 2,100 சிப்பாய்கள், உள்நாட்டுக் குதிரைப்படை, 26 பீரங்கி. லாலியிடம் சுமார் 2,250 ஐரோப்பியக் காலாட்கள், 300 ஐரோப்பியக் குதிரைகள், 1,300 சிப்பாய்கள். கூடவே முராரி ராவ் அனுப்பிய மராட்டியக் குதிரைகள் சுமார் 3,000. காகிதத்தில் பிரெஞ்சுப் பக்கம்தான் கனம்.

பிரெஞ்சு அணி: வலக்கோடியில் குதிரைப்படை, அடுத்து லொரேன் ரெஜிமெண்ட், நடுவில் இந்தியப் பட்டாளம் என்று அழைக்கப்பட்ட கம்பெனிப் படை, இடப்பக்கம் லாலியின் சொந்த ரெஜிமெண்ட். அதற்கும் முன்னால் சற்று இடப்புறம் ஒரு குளம். அதன் கரையை அரணாக்கிக் கடற்படை ஆட்களையும் நான்கு பீரங்கிகளையும் நிறுத்தியிருந்தார்கள், ஷெவாலியே தெ பொயெத் தலைமையில்.

ஆங்கில அணி: இடப்பக்கம் கூட்டின் 84ஆம் ரெஜிமெண்ட், நடுவில் கம்பெனிப் பட்டாளங்கள், வலப்பக்கம் டிரேப்பரின் ரெஜிமெண்ட். அதாவது லொரேனுக்கு எதிரே 84ஆவது, குளத்துக்கு எதிரே டிரேப்பரின் ஆட்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த குறிப்புக்குத் தேவைப்படும்.

ஜனவரி 10, மாலை 6:30

குதிரைப்படை விஷயம் முதலில். ஆங்கில இடப்பக்கத்தில் சிறு குழப்பம் தெரிந்ததும் லாலி தானே குதிரையேறி வலக்கோடிக்குப் போய்ப் பாயச் சொன்னார். முதல் முறை குதிரைப்படை அசையவில்லை. அதிகாரி ஒருவரைக் காவலில் வைத்துவிட்டு மறுபடி கட்டளையிட்ட பிறகுதான் கிளம்பினார்கள். ஆங்கிலத் தரப்பின் உள்நாட்டுக் குதிரைகள் விலகிவிட்டன. அந்த இடைவெளியில் கேப்டன் பார்க்கர் இரண்டே பீரங்கிகளைத் திருப்பிச் சுட்டார். பத்துப் பதினைந்து குதிரைகள் விழுந்ததும் மீதி திரும்பி ஓடியது.

இப்போது லொரேன். சுமார் 400 பேர். பரந்த வரிசையாக அல்லாமல் 12 பேர் முகப்பு வைத்த ஆழமான அணியாக வந்தார்கள். கணக்குப் போடுங்கள்: 400ஐ 12ஆல் வகுத்தால் 33 வரிசை. முன்னால் உள்ள இரண்டு வரிசை மட்டுமே சுட முடியும், அதாவது 24 துப்பாக்கி. எதிரே நிற்கும் படை நீளமாக, மூன்று வரிசையில் நிற்பதே அன்றைய வழக்கம். அங்கே ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கியும் பேசும். அதிலும் நீள வரிசையின் இரு முனைகளும் அணியின் பக்கவாட்டைப் பார்க்கின்றன.

அப்படியானால் ஏன் ஆழ அணி? முட்டாள்தனம் அல்ல. அன்றைய பிரெஞ்சு ராணுவத்தில் இது பெரிய வாதம். ஆழமான அணி வேகமாக நகரும், வரிசை கோணாது, துப்பாக்கி நுனியில் செருகிய முனைக்கத்தியோடு ஒரே இடத்தில் பாய்ந்தால் மெல்லிய வரிசை கிழிந்துவிடும். எதிரி பதறிப்போய்த் தூரத்திலேயே சுட்டுவிட்டால் இந்த உத்தி ஜெயிக்கும்.

கூட் பதறவில்லை. 50 கெஜம், அதாவது 45 மீட்டர் வரை சுடக்கூடாது என்று பிடித்து நிறுத்தினார். அந்தத் தூரத்தின் அர்த்தம் புரிய அன்றைய துப்பாக்கியைத் தெரிந்துகொள்ள வேண்டும். காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழிக்க வேண்டும். துளி மருந்தைக் கிண்ணியில் போட்டு மூட வேண்டும். துப்பாக்கியை நிமிர்த்தி மீதி மருந்து, குண்டு, காகிதம் எல்லாவற்றையும் குழாய்க்குள் போட வேண்டும். இரும்புக் கம்பியை உருவி இடித்து, கம்பியைத் திரும்பச் செருகி, தோளுக்கு ஏற்ற வேண்டும். தேர்ந்த ஆள் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான், பதற்றத்தில் இரண்டு. குழாய் வாய் சுமார் 19 மில்லிமீட்டர், குண்டு அதைவிடச் சிறியது, உள்ளே உராய்ந்து உருண்டு வெளியே எங்கோ திரும்பும். 100 மீட்டரில் ஓர் ஆளைக் குறிவைப்பதில் பொருளே இல்லை. 45 மீட்டரில் நெருக்கமாக வரும் 400 பேர் கூட்டத்தைத் தவறவிடுவதுதான் கடினம்.

அந்த 45 மீட்டரை வேகநடையில் கடக்க 20 வினாடி போதும். துப்பாக்கியை மறுபடி நிரப்பவும் அதே நேரம். ஆகவே கூட்டுக்கு இருந்தது ஒரே ஒரு சரமாரி, அதை அவர் கடைசி வரை சேமித்து வைத்தார். முன்வரிசைகள் அப்படியே சரிந்தன. ஆனாலும் பின்னால் இருந்தவர்களின் உந்துதலில் அணி 84ஆம் ரெஜிமெண்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்தது. லொரேன் கோழைகள் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் உள்ளே புகுந்ததும் இரு பக்கமும் 84ஆவது மடங்கி மூடிக்கொண்டது. நெருக்கத்தில் முனைக்கத்திச் சண்டை, நடுவில் உள்ளவன் கையைத் தூக்கக்கூட இடமில்லை. சில நிமிடங்களில் மிஞ்சியவர்கள் பாசறைப் பக்கம் ஓடினார்கள்.

ஜனவரி 10, இரவு 8:15

"ஹைதர் அலி வந்தவாசியில் பிரெஞ்சுப் பக்கம் நின்றார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ஹைதரோடு லாலி ஒப்பந்தம் செய்தது 1760 ஜூனில், தோல்விக்கு ஐந்து மாதம் கழித்து. தியாகதுர்கத்தை விலையாகக் கொடுத்துத்தான் அந்த உதவியே வந்தது.

கிளைவும் இல்லை, அவர் அப்போது வங்காளத்தில். அடுத்த மாதம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

மருதநாயகம் (யூசுப் கான்) பற்றி இருவர் கேட்டிருக்கிறீர்கள். 1758–59 சென்னை முற்றுகையின்போது வெளியே இருந்துகொண்டு லாலியின் தீனி வரும் வழிகளை அறுத்தவர் அவர். அது ஆங்கிலேயருக்குப் பெரிய உதவி. ஆனால் வந்தவாசிப் போர் நடந்தபோது அவர் தெற்கே, மதுரைச் சீமை நிர்வாகத்தில்.

ஜனவரி 11, காலை 6:50

வெடித்த வண்டிக்கு வருவோம். முதல் குறிப்பில் இதை இரண்டே வரியில் முடித்தேன், இதற்கு உரிய எடையையும் கொடுக்க வேண்டும்.

பீரங்கிக்குப் பக்கத்தில் மருந்து வண்டி நிற்பது எப்போதும் ஆபத்து. மருந்து துணிப்பைகளில் அளந்து கட்டி வைத்திருக்கும், சிந்திய துகள் வண்டிப் பலகை முழுக்க இருக்கும். அதனால் வண்டியைப் பின்னால் ஒதுக்கி நிறுத்தி, ஆள் ஓடிப்போய் ஒவ்வொரு பையாக எடுத்து வருவதுதான் ஒழுங்கு. குளக்கரைக்குள் அதற்கு இடம் போதாது. கரை எதிரியின் குண்டைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் எல்லாமே ஒரே இடத்தில் அடைந்து கிடந்தன. வெளியே வெட்டவெளியில் வெடித்திருந்தால் வண்டியும் இரண்டு மாடும் போயிருக்கும். கரை சூழ்ந்த இடத்தில் வெடித்ததால் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். தெ பொயெத் அங்கேயே இறந்தார். மிஞ்சிய கடற்படை ஆட்கள் பீரங்கிகளை விட்டுவிட்டு ஓடினார்கள், பின்னால் இருந்த இரண்டாவது குளத்தின் சிப்பாய்களும் கூடவே போனார்கள்.

கூட் உடனே டிரேப்பரின் ரெஜிமெண்டைக் குளத்தைப் பிடிக்க அனுப்பினார், பிரியர்ட்டன் தலைமையில். லாலிக்குக் கீழ் இருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி விரைந்து வந்து ஓடியவர்களில் கொஞ்சம் பேரைத் திரட்டி மறுபடி கரையில் நிறுத்தினார். அந்த ஆட்கள் சுட்டதில்தான் பிரியர்ட்டன் மரண காயம் பட்டார். இருந்தும் குளம் ஆங்கிலேயர் வசமானது. இப்போது அதே கரையிலிருந்து லாலி ரெஜிமெண்டின் பக்கவாட்டைச் சுட முடிந்தது. புஸ்ஸி கடைசியாக அந்த ரெஜிமெண்டை முனைக்கத்தியோடு முன்னடத்தினார். அவர் குதிரை சுடப்பட்டு விழுந்தது, கூட வந்தவர்கள் பின்தங்கினார்கள், அவர் சரணடைந்தார். ஐதராபாத் அரசியலையே ஏழு ஆண்டு கையில் வைத்திருந்த மனிதர் ஒரு குளக்கரையில் கைதியானார்.

ஆகவே என் கணிப்பு: வண்டி வெடித்தது தோல்வியை முழுமையாக்கியது. வெடிக்காமல் இருந்திருந்தால் லாலி தன் இடப்பக்கத்தையும் நடுவையும் ஒழுங்காகப் பின்னெடுத்திருக்கலாம், 24 பீரங்கிகளை இழக்காமல் இருந்திருக்கலாம். வலப்பக்கம் போன பிறகு வெற்றி மட்டும் கிடைத்திருக்காது.

பகல் இரண்டு மணி வாக்கில் எல்லாம் முடிந்தது. பிரெஞ்சுக்காரர் களத்தில் விட்ட பிணங்கள் சுமார் 200, கைதிகள் சுமார் 240. ஆங்கிலத் தரப்பில் செத்தும் காயப்பட்டும் சுமார் 190 ஐரோப்பியர். பின்வாங்கும்போது காலையில் மிரண்ட அதே பிரெஞ்சுக் குதிரைப்படைதான் உறுதியாக நின்று காலாட்களைக் காப்பாற்றியது.

ஜனவரி 11, மதியம் 1:25

சிப்பாய்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி நியாயமானது, இரு தரப்பிலும் பல ஆயிரம் பேர் நம் ஆட்கள். லாலி தன் சிப்பாய்களை முன்னேறச் சொன்னபோது அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆங்கிலச் சிப்பாய்களும் பெரும்பாலும் அணியின் ஓரங்களில்தான் நின்றார்கள். சண்டை முடிந்ததும் சிப்பாய்த் தலைவர்கள் கூட்டிடம் வந்து இப்படி ஒரு போரைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டியதாகப் பதிவு உண்டு. மராட்டியர் 3,000 பேரும் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் கூலிக்கு வந்தவர்கள், கூலி ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை.

ஜனவரி 12, இரவு 10:05

அந்தக் கூலி விஷயம்தான் இந்த இழையின் அடிநாதம் என்று நினைக்கிறேன். போருக்கு மூன்று மாதம் முன்பு, 1759 அக்டோபரில், இதே வந்தவாசியில் பிரெஞ்சுப் படை கலகம் செய்தது. பத்து மாதத்துக்கும் மேல் சம்பளப் பாக்கி. சிப்பாய்கள் அல்ல, ஐரோப்பியச் சோல்ஜர்கள். அதிகாரிகளை விரட்டிவிட்டுத் தங்களுக்குள்ளேயே தலைவர்களைத் தேர்ந்தெடுத்துப் பாசறையை ஒழுங்காக நடத்தினார்கள். லாலி தன் சொந்தப் பணத்தைப் போட்டார், புதுச்சேரிப் பெரியவர்கள் வெள்ளிப் பாத்திரங்களைக் கொடுத்தார்கள். ஆறு மாதச் சம்பளம் உடனே, மீதி பிறகு, தண்டனை கிடையாது என்று பேசி முடித்தார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். பணத்துக்கு வழி தேட லாலி படையைப் பிரித்து ஒரு பகுதியை கிரிய்யோன் தலைமையில் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார், தெற்கு வரி வருமானத்தைப் பிடிக்க. நவம்பரில் ஸ்ரீரங்கம் கிடைத்தது. வடக்கே படை மெலிந்த அதே மாதக் கடைசியில் கூட் வந்தவாசியைப் பிடித்தார். கூட் சென்னையில் இறங்கியதே அக்டோபர் கடைசியில்தான். வந்த ஒரே மாதத்தில் அவருக்கு இந்தக் கதவு திறந்து கிடந்தது, திறந்துவிட்டது பிரெஞ்சுக் கஜானா.

அதற்கும் முந்தைய வேர் தஞ்சாவூர். 1758இல் லாலி தஞ்சை மன்னர் பிரதாப சிங்கிடம் 56 லட்சம் ரூபாய் கேட்டுப் படையெடுத்தார், 1749இல் வாங்கிய ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி. வழியில் நாகூரில் கொள்ளை, கீவளூர்க் கோயிலில் சிலைகளுக்கு அடியில் தங்கம் தேடிக் கிளறல். கிடைத்தது ஒன்றுமில்லை. அங்கே நடமாடிய பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். அதற்குப் பிறகு காவிரிச் சீமையில் யார் அவருக்கு நெல்லும் மாடும் தருவார்கள்? அதே ஆண்டு கூடலூர்ப் பக்கம் புனித டேவிட் கோட்டையைத் தாக்கப் போனபோது மாடு கிடைக்கவில்லை என்று புதுச்சேரி மக்களைச் சாதி பாராமல் பிடித்து வண்டி இழுக்கவும் சுமக்கவும் வைத்தார். ஆட்கள் ஊரைவிட்டே ஓடினார்கள். கோட்டை கிடைத்தது, வண்டிக்காரனும் தானிய வியாபாரியும் போய்விட்டார்கள்.

ஜனவரி 13, காலை 5:55

கடல். சோழமண்டலக் கரையில் சென்னைக்கும் சரி, புதுச்சேரிக்கும் சரி, அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் வெட்டவெளியில் நங்கூரம் போட வேண்டும், சரக்கும் ஆளும் படகில் அலையைத் தாண்டி வர வேண்டும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவக்காற்று. அதற்குள் எந்தக் கப்பற்படையும் கரையை விட்டுப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் கரையில் மோதி உடையும்.

எங்கே போவது என்பதில்தான் வித்தியாசம். ஆங்கிலேயருக்குப் பம்பாய். அங்கே கப்பலைத் தரையேற்றிப் பழுது பார்க்கும் உலர்துறை இருந்தது, மரம் இருந்தது, தை மாசிக்குள் திரும்பிவிடலாம். பிரெஞ்சுக்காரர்களுக்கு மொரீஷியஸ். தூரம் அதிகம், அங்கே உணவே பற்றாக்குறை, நன்னம்பிக்கை முனைவரை ஆளனுப்பி வாங்க வேண்டியிருந்தது.

கப்பற்படைத் தளபதி தாஷே, ஆங்கிலத் தளபதி போக்காக்குடன் மூன்று முறை மோதினார்: 1758 ஏப்ரலில் கூடலூர் அருகே, ஆகஸ்டில் நாகப்பட்டினம் அருகே, 1759 செப்டம்பரில் மறுபடியும். எதிலும் முழுத் தோல்வி இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பாய்மரமும் கயிறும் நாசம், ஆள் சேதம், பழுது பார்க்க இடமில்லை. இரண்டாவது மோதலின் செய்தி கேட்டுத்தான் லாலி தஞ்சை முற்றுகையைக் கைவிட்டார். சென்னை முற்றுகையை அவர் விட்டதும் 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் கண்ணில் பட்டதும்தான். மூன்றாவது மோதலுக்குப் பிறகு தாஷே கொஞ்சம் பணமும் சில நூறு ஆட்களும் இறக்கிவிட்டு மொரீஷியஸ் போனார், திரும்பவே இல்லை. வந்தவாசிக் குளத்தில் வெடிப்பில் செத்த கடற்படை ஆட்கள் அப்படி இறக்கிவிடப்பட்டவர்கள்.

ஜனவரி 13, இரவு 9:30

"லாலி ஒரு முரட்டு மூடன், புஸ்ஸியிடம் விட்டிருந்தால் ஜெயித்திருப்பார்" என்ற பதிவுக்கு: பாதிக்குப் பாதி ஏற்கிறேன். புஸ்ஸியை ஹைதராபாத்திலிருந்து திரும்ப அழைத்தது பெரிய இழப்பு. ஜனவரியில் புஸ்ஸி சொன்ன யோசனையும் நல்லது: முற்றுகையில் சிக்காமல் படையை ஒன்றாக வைத்துக்கொண்டு, மராட்டியக் குதிரைகளை ஏவிக் கூட்டின் மாடுகளையும் தானியத்தையும் அழித்துப் பட்டினி போடுவது. மராட்டியர் அதை ஓரளவு செய்துகொண்டும் இருந்தார்கள், கூட்டின் பாசறையில் அரிசிக்குத் திண்டாட்டம் வந்தது.

ஆனால் அந்த யோசனைக்கு நாள் வேண்டும். நாள் என்றால் சம்பளம். மராட்டியருக்கும் தர வேண்டும், அக்டோபரில் கலகம் செய்தவர்களுக்கும் தர வேண்டும். லாலியிடம் இல்லாதது அதுதான். அவர் அவசரப்பட்டதைக் குணக்கேடு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக என் மனம் ஒப்பவில்லை. குணக்கேடும் இருந்தது, புதுச்சேரி ஆலோசனைச் சபையை அவர் எல்லார் முன்னாலும் திருடர்கள் என்று ஏசினார். அவர்கள் பாரிஸில் பழிதீர்த்தார்கள். 1766 மே 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. வால்டேர் அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதினார், 1778இல் தீர்ப்பு ரத்தானது. லாலியின் தந்தை அயர்லாந்துக்காரர், கூட் லிமரிக்கில் பிறந்தவர். இரண்டு அயர்லாந்து வழிவந்தவர்கள் வந்தவாசியில் மோதினார்கள்.

ஜனவரி 14, காலை 7:40

போருக்குப் பிறகு நடந்தது வேகமாக. லாலி சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சிக்கும் பிறகு புதுச்சேரிக்கும் போனார். சேத்துப்பட்டு ஒரு வாரத்தில், ஆற்காடு பிப்ரவரியில், பெருமுக்கலும் ஆலம்பரையும் மார்ச்சில், காரைக்கால் ஏப்ரலில், அதே மாதம் வழுதாவூரும் சிதம்பரமும். கோட்டைகளின் வரிசையைப் படத்தில் வைத்துப் பாருங்கள்: புதுச்சேரிக்கு நெல் வரும் ஒவ்வொரு பாதையும் அடைபடுகிறது. வெளியே வந்து தடுக்க ஒரு களப்படை இல்லை. அந்தப் படையைத்தான் வந்தவாசி அழித்தது. நான் இந்தப் போரைத் "தீர்மானித்த போர்" என்பது இந்தப் பொருளில் மட்டும்.

ஜனவரி 14, இரவு 11:10

புதுச்சேரி முற்றுகை பற்றிக் கேட்டவருக்கு. நவம்பர் 1760இல் உணவு தீர்ந்துபோகவே லாலி நகரத்து மக்கள் சுமார் 1,400 பேரை வெளியேற்றினார். ஆங்கிலக் காவல் அவர்களை விடவில்லை, பிரெஞ்சுக் காவல் திரும்பச் சேர்க்கவில்லை. எட்டு நாள் இரண்டு வரிசைக்கும் நடுவில் வேர்களைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள், பிறகுதான் கூட் போக விட்டார். இந்த எட்டு நாளைப் பற்றிப் பாடநூலில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு ஆறவில்லை. தமிழர்களுக்கு இந்தப் போரில் நேர்ந்தது வேறெதையும்விட இதுதான்.

1761 ஜனவரி முதல் தேதி இரவுப் புயலில் முற்றுகையிட்ட ஆங்கிலக் கப்பல்கள் பல மூழ்கின, கரையில் மோதின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அரிசியோடு வந்திருந்தால்கூட நகரம் தாக்குப்பிடித்திருக்கும். ஒன்றும் வரவில்லை. ஒரு வாரத்துக்குள் ஆங்கிலேயர் மறுபடி கடலை அடைத்தார்கள். ஜனவரி 16 அன்று நகரம் ஒப்படைக்கப்பட்டது. புதுச்சேரி நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே நாட்களில்.

ஜனவரி 15, காலை 6:20

கடைசிக் கேள்வி: "1763இல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே, பிறகு வெற்றிக்கு என்ன பொருள்?"

எல்லாவற்றையும் அல்ல. பாரிஸ் உடன்படிக்கைப்படி 1749 தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த வாணிபக் குடியிருப்புகள் மட்டும் திரும்பின. அதாவது முன்னாள் புதுச்சேரி ஆளுநர் தூப்ளேயும் புஸ்ஸியும் அதன் பிறகு சேர்த்த நிலமெல்லாம் போனது. வங்காளத்தில் கோட்டையும் கூடாது, படையும் கூடாது. கர்நாடக (ஆற்காட்டு) நவாபாக ஆங்கிலேயர் ஆள் முகமது அலியைப் பிரான்சும் ஏற்க வேண்டும். புதுச்சேரி 1765இல் கைக்கு வந்தபோது மதிலும் கோட்டையும் இடிபட்டுக் கிடந்தன. ஆற்காடு வரியோ, வடசர்க்கார் வரியோ, தஞ்சைப் பணமோ இனி அங்கே வராது. முகமது அலியிடமிருந்து அந்த வரியைக் கம்பெனி போர்ச் செலவுக்கென்று பற்றுவைத்து வாங்கத் தொடங்கியது, அவர் கடனுக்கு மேல் கடன் வாங்கினார். ஆற்காட்டு நவாபின் கடன் வேறொரு இழைக்கான பொருள், யாராவது தொடங்கினால் அங்கே எழுதுகிறேன்.